குளிர்ந்த தண்ணீர், கூடுதல் அலசல்

மார்ச் 4, செவ்வாய்

அம்மா,

நேற்று, மார்ச் 3, திங்கட்கிழமை, பிற்பகல் 2.20க்கு உன் வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஏழு நாளில் இது பதினோராவது தடவை.

உனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்காதே. அதை வாங்கி மாட்டிக் கொடுத்தவன் நான். ஓடும்போதெல்லாம் என் போனுக்குச் செய்தி அனுப்பும்படி வைத்ததும் நான்தான். அப்போதே உன்னிடம் சொன்னேன். நீ காபி கலக்கிக்கொண்டே “சரி சரி” என்றாய்.

ஒற்றை ஆள் இருக்கும் வீடு. வாரத்துக்கு இரண்டு தடவை ஓடினாலே அதிகம். இப்போது ஓடுவதெல்லாம் ஒரே முறையில் ஓடுகிறது: கனத்த துணி, குளிர்ந்த தண்ணீர், கூடுதல் அலசல். நீ எப்போதும் வெதுவெதுப்பில் போடுகிறவள். அதோடு திங்கட்கிழமை பிற்பகல் நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று யாருக்காவது ஃபிரேம் மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

யோசித்துப் பார்த்தேன். விடை ஒன்றுதான் வருகிறது. அந்த வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார். கனத்த துணி போடுகிற வேலையில் இருக்கிறார். மத்தியானம் நீ கடையை விட்டு வருவது அவருக்காக.

இருக்கட்டும். உனக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதை ஒரு மெஷின் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அப்பாவின் அலமாரியில் இப்போது யார் சட்டை தொங்குகிறது?

நானும் அவளும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. பிரிந்தது நாங்கள். கோபம் உனக்கு. “எழுதிப் போடு, எழுதும்போதாவது நீ குறுக்கே விழ மாட்டே” என்றாய். எட்டு மாதம் பிடிவாதமாக இருந்துவிட்டு இதோ எழுதுகிறேன். ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது என்று எங்கள் பம்ப் ஸ்டேஷன் காவலாளியிடம் கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பதில் போடு. நேரான பதில்.

உன் பிள்ளை


மார்ச் 9, ஞாயிறு

என் இன்ஜினீயருக்கு,

உன் கடிதம் வந்துச்சு. படிச்சு முடிச்ச கையோட மெஷினுக்குப் போற இன்டர்நெட்டைப் பிடுங்கிட்டேன். எந்த ஒயருன்னு தெரியல, அதனால சுவத்துல இருந்த எல்லா ஒயரையும் பிடுங்கினேன். இப்போ டிவியும் வரல. சந்தோஷமா?

ஆம்பளையாம். என் துணியையே மடிச்சு வைக்க முடியாம நாற்காலி மேல மலையாக் கிடக்கு. இதுல இன்னொருத்தன் பேன்ட்டுக்கு நான் சோப்பு போடணுமா? உங்கப்பா துணியைத் துவைச்சதே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். அவர் அலமாரியில இப்போ பழைய போர்வை இருக்கு. வேணும்னா அதுக்கு மீசை வரைஞ்சு வைக்கறேன்.

கனத்த துணின்னு கண்டுபிடிச்சது மட்டும் சரி. அது கார் சீட் கவர். நான் கார் ஓட்டக் கத்துக்கறேன். எங்க, யார்கிட்டன்னு கேப்பே. மறைக்க மாட்டேன். உன் பெண்டாட்டியா இருந்தாளே, அவகிட்டதான். கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறது அவ தொழில், நான் அவளோட மாணவி. இப்போ அவளை டீச்சர்னுதான் கூப்பிடறேன். அவ என்னை அம்மான்னு கூப்பிடறதை நிறுத்தல. நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனசு வரல.

நேரா நல்லா ஓட்டறேன். பின்னால எடுக்கறதுதான் வரமாட்டேங்குது. கண்ணாடியில பார்த்தா எல்லாமே தலைகீழா இருக்கு.

மத்தியானம் வீட்டுக்கு வர்றது கடையில கூட்டம் இல்லாததால. வேற ஒண்ணுமில்ல. சாப்பிடறியா? நேரத்துக்குத் தூங்கறியா? இளைச்சுட்டேன்னு யாரும் சொல்லல, ஆனா சொல்ற அளவுக்கு உன்னை யாரு பார்க்கறா அங்க.

அம்மா


மார்ச் 13, வியாழன்

அம்மா,

இன்னொரு ஆள் என்றால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேறு ஆளே இல்லையா? நான் போட்டால் எடுக்காத போனை அவள் போட்டால் எடுக்கிறாய். நான் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். ‘டீச்சர்’ என்று செல்லப் பெயர் வேறு. எனக்கு இன்ஜினீயர் என்று நீ வைத்த பெயரில் கேலிதான் இருக்கிறது, செல்லம் இல்லை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

சரி, அது உன் இஷ்டம். கணக்கு மட்டும் இடிக்கிறது. சீட் கவர் ஒரே வாரத்தில் இத்தனை தடவை எப்படி அழுக்காகும்? நீங்கள் காரை ஓட்டுகிறீர்களா, அதில் சமைக்கிறீர்களா?

அதனால் நேற்று உன் கடைக்குப் போன் போட்டேன். உன் முதலாளி எடுத்தார். பையன் பேசுகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, அம்மாவுக்கு இப்போது தேவலையா என்பது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த மாதிரியே பேசிக் கறந்தேன். போன மாதம் நீ கடையில் மயங்கி விழுந்திருக்கிறாய். கண்ணாடி மேஜை விளிம்பில் தலை படாமல் தப்பித்திருக்கிறாய். அதிலிருந்து பாதி நாள்தான் வேலைக்குப் போகிறாய். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னது இது:

“உங்க தங்கச்சிதான் தம்பி அஞ்சு நிமிஷத்துல வந்து தூக்கிட்டுப் போச்சு. தங்கமான பொண்ணு.”

எனக்குத் தங்கச்சி கிடையாது. ‘என் பொண்ணு’ என்று நீதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாய். நான் இல்லை என்று மறுக்கவில்லை. ஆமாம் சார், நல்ல பொண்ணு என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே சத்தத்தில் யார் என்ன செய்தாலும் வெளியே கேட்காது.

உனக்கு என்ன உடம்பு? உண்மையைச் சொல். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

உன் பிள்ளை (ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவன்)


மார்ச் 18, செவ்வாய்

கண்ணா,

நாலு தாள் கிழிச்சாச்சு. உன்கிட்ட இதையெல்லாம் நான் பேசினதே இல்ல. நீ சின்னப் பையனா இருந்தப்போ நான் அந்த மூணு நாளும் ‘தலைவலி’ன்னுதான் சொல்வேன். பெரியவனானதும் உனக்கே தெரியும்னு விட்டுட்டேன். இப்போ எழுதறேன். படிக்க ஒரு மாதிரி இருந்தா இருக்கட்டும், எழுதவும் ஒரு மாதிரிதான் இருக்கு.

ஒன்றரை வருஷமா எனக்கு மாதவிலக்கு சரியில்ல. முதல்ல தள்ளித் தள்ளிப் போச்சு. நிக்கிற வயசு, விட்டது தொல்லைன்னு நினைச்சேன். அப்புறம் வந்தா போறதில்ல. பத்து நாள், பதினஞ்சு நாள். கட்டி கட்டியா. கடையில ஒருத்தருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால இறுக்குதான்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அப்பவே கால் வழியா இறங்கறது தெரியும். சிரிச்ச முகத்தோட நிப்பேன். அவங்க போனதும் பின்பக்கமாவே நடந்து உள்ளே போவேன். எல்லாம் கறுப்பு உடுப்பா வாங்கிட்டேன். முதலாளி ஒரு நாள் தயங்கித் தயங்கி, வீட்டுல யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டார்.

வலி வேற. அடிவயித்துல, இடது பக்கம், உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழியற மாதிரி. இடுப்புக்குப் போய் தொடைக்கு இறங்கும். வர்ற நாள்ல மட்டும்தான்னு இருந்தது. இப்போ வராத நாள்லயும் இருக்கு.

டீச்சர் விஷயம் கேட்டியே. அவகூடப் பேச ஒரு சாக்கு வேணும்னுதான் ஜனவரியில வகுப்புல சேர்ந்தேன். ரெண்டாவது நாள் சிக்னல்ல நிக்கறேன். பச்சை விழுந்துடுச்சு, பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க. நான் காலை எடுக்கல. கொஞ்சம் அசைஞ்சாலும் சீட்டு முழுக்க ஆயிடும்னு தெரியுது, ஏற்கெனவே ஆயிட்டுதுன்னும் தெரியுது. அவ என்னை ஒரு தடவை பார்த்தா, சீட்டை ஒரு தடவை பார்த்தா. கேள்வியே கேட்கல. தன் மேல்கோட்டைக் கழட்டி என் இடுப்புல கட்டினா. நடுரோட்டுல இறங்கிச் சுத்தி வந்து, தள்ளி உட்காருங்கம்மான்னா. அடுத்த மாணவனுக்குப் போன் போட்டு, வண்டி ரிப்பேர், இன்னிக்கு வகுப்பு இல்லன்னு சொன்னா. அவ பொய் சொல்லி நான் அன்னிக்குத்தான் கேட்டேன்.

அதுக்கப்புறம் துவைச்சதுல பாதி அவளோட சீட் கவர், பாதி என் படுக்கை விரிப்பு. ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணிதான் போடணும், சூடு பட்டா கறை துணியோட ஒட்டிக்கும். இது தெரியாம நீ வீட்டுக்குள்ள ஆம்பளையைத் தேடிட்டே.

மயங்கினப்புறம் அவதான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. ரத்தம் பாதிதான் இருக்காம். வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து ஊசியில ஏத்தறாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. கர்ப்பப்பையோட உள்பூச்சு சுவத்துக்குள்ள இறங்கி வளர்ந்திருக்காம், அதுதான் வலி. பூச்சு தடிச்சும் இருக்கு. ஏன் தடிச்சிருக்குன்னு கொஞ்சம் எடுத்துப் பரிசோதனை பண்ணணுமாம். ரத்தம் ஏறுற வரைக்கும் கார் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க, இப்போ அவ ஓட்ட நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து போறதோட சரி.

இவ்வளவுதான். இப்போ அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியும்.

அம்மா


மார்ச் 21, வெள்ளி

அம்மா,

படித்தேன். நன்றி. இனி வேலையைப் பார்ப்போம்.

இரண்டு நாளாகப் படித்துவிட்டேன். எங்கள் மருத்துவ அறை டாக்டரிடமும் கேட்டேன். உனக்கு இருப்பதற்கு நிரந்தரத் தீர்வு ஒன்றே ஒன்றுதான்: எடுத்துவிடுவது. இந்த வயதில் அந்த உறுப்புக்கு வேலை ஒன்றும் இல்லை. வேலை முடிந்த பாகம் கசிந்துகொண்டிருந்தால் அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம், கழற்றிவிடுவோம். சேர்த்துப் பரிசோதனைக்கும் அனுப்பிவிடலாம். ஒரே வேலையில் இரண்டும் முடியும். இதற்கு ஏன் ஒன்றரை வருஷம்?

இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பேசிவிட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில் படுக்கை கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை, 29ஆம் தேதி, வருகிறேன். உன் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு உறையில் போட்டு வை. துணி நான்கு போதும்.

ஒரு கேள்வி. ஸ்கேன் எடுக்கும்போது அறைக்குள் உன்னோடு யார் இருந்தது? அவளா?

பதில் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

உன் பிள்ளை


மார்ச் 25, செவ்வாய்

டேய்,

நான் உன் பம்ப் இல்ல.

‘வேலை முடிந்த பாகம்.’ அந்த வேலையைப் பார்த்துத்தான்டா நீ வந்தே. பத்து மாசம் அதுக்குள்ள ஓசியில குடியிருந்துட்டு, இப்போ வீட்டை இடிக்க நாள் குறிக்கறியா? எடுக்க வேண்டியிருந்தா எடுப்பாங்க, எனக்கு ஒண்ணும் பயமில்ல, அதுல எனக்குப் பாசமும் இல்ல. ஆனா அது என் உடம்பு. டாக்டர் மூணு வழி சொன்னாங்க. மாத்திரை ஒண்ணு. உள்ளே ஒரு சின்ன சாதனம் வெச்சா அது தினம் கொஞ்சம் கொஞ்சமா ஹார்மோன் விட்டுப் பூச்சை மெலிசாக்கும், வலியும் குறையும், அது ஒண்ணு. எடுக்கறது மூணாவது. எது எனக்குச் சரின்னு அவங்க என்னைக் கேட்டாங்க. நாற்பத்தெட்டு வருஷத்துல என் உடம்பைப் பத்தி என்னையே ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ ரெண்டு நாள் படிச்சிட்டுத் துணி நாலு போதும்னு எழுதறே.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னு உனக்கு உறுத்துது இல்லையா? சொல்றேன். உங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டாம் வருஷம் நான் அங்க வந்து ஒரு வாரம் தங்கினேன். ஒரு காலையில அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்திருந்தா. நீ ஷூ மாட்டிக்கிட்டே சொன்னே:

“மாசா மாசம் வர்றதுதானே. என்னமோ இன்னிக்குத்தான் புதுசா வலிக்கிற மாதிரி நடிக்கறே.”

நான் அடுத்த ரூம்ல இருந்தேன். வெளிய வந்து உனக்கு ஒரு அறை விட்டிருக்கணும். வெளிய வந்து டிபன் டப்பாவைக் கட்டி உன் கையில கொடுத்தேன்.

எனக்கு வலிக்கும்போது அந்த வார்த்தைதான் காதுல கேட்டுது. என்னையும் நடிக்கறேன்னு சொல்லிடுவியோன்னு இருந்தது. அதான் சொல்லல.

ஆமா, ஸ்கேன் ரூம்ல அவதான் இருந்தா. என் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா.

சனிக்கிழமை வராதே. நானா கூப்பிடற வரைக்கும் வராதே.

அம்மா


ஏப்ரல் 2, புதன்

அம்மா,

வராதே என்றாய். வந்தேன். வந்து ஒன்றே கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. அது பற்றித் திட்ட வேண்டியதை எல்லாம் நான் கிளம்பும்போது நீ வாசலிலேயே திட்டிவிட்டாய், எழுத்தில் மறுபடி வேண்டாம்.

நான் என்ன பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

என் சாவி பூட்டில் நுழையவில்லை. பூட்டை மாற்றியிருக்கிறாய். நான் மணி அடித்துவிட்டு வெளியாள் மாதிரி நின்றேன். பின்னால் அவள் வந்தாள், கையில் மருந்துக்கடைப் பை. என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் சாவியால் திறந்தாள். “உள்ளே வாங்க” என்றாள். என் அம்மா வீட்டுக்குள் என்னை வரச் சொன்னாள். அதுவும் ‘வாங்க’. ஐந்து வருஷம் என்னை நீ, வா, போ என்று பேசியவள். கையெழுத்துப் போட்ட அன்றுகூட “பேனா கொடு” என்றுதான் கேட்டாள். அந்த மரியாதைதான் அன்று என் மேல் விழுந்த முதல் அடி.

உள்ளே உனக்கு வலி வந்துவிட்டிருந்தது. உன் முகம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் மாத்திரையைத் தேடினேன். சமையலறை மேல்தட்டில்தான் நீ எப்போதும் வைப்பாய். அங்கே இப்போது பருப்பு இருக்கிறது. நான் டப்பா டப்பாவாகத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் உன்னை இடது பக்கமாகத் திருப்பி, முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்து, இடுப்பில் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீ அவள் கையைப் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்தக்கூட இல்லை. முதலிலேயே சரியான இடத்தில்தான் வைத்திருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் கத்தினேன். அடுத்தவர் வீட்டில் உனக்கென்ன வேலை என்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “மெதுவாப் பேசுங்க. அவங்களுக்கு வலிக்குது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு யார் மேல் பொறாமை என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. உன் வலி தெரிந்திருக்கிற அவள் மேலா, அவள் கை கிடைத்திருக்கிற உன் மேலா.

ஷூ மாட்டிக்கொண்டு நான் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கு ஞாபகம் இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அது நான் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அவள் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. நான் போட்டது இல்லை. உனக்குத் தெரிந்திருந்தால் சொல். தெரியாதிருந்தாலும் விசாரித்துச் சொல்.

உன் பிள்ளை


ஏப்ரல் 8, செவ்வாய்

கண்ணா,

மோதிரத்தைப் பத்தி விசாரிக்க வேண்டாம், எனக்கு ஒரு மாசமாத் தெரியும். அவளுக்கு மே மாசம் கல்யாணம். பையன் இவளோட டிரைவிங் ஸ்கூலுக்கு டயர் மாத்திக் கொடுக்கறவன். வாயைத் திறந்தா ரெண்டு வார்த்தைதான். உன்னோட இருந்தப்புறம் அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கும்.

உனக்கு எரியும்னு தெரியும். ஆனா உன்னைவிட எனக்குத்தான் அதிகம் எரியுது. அந்தப் பையனோட அம்மா ஸ்கூல்ல தலைமையாசிரியையா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நல்லாப் பாடுவாங்களாம். அவங்க வீட்டு மாடியில இவங்களுக்குன்னு தனியா ரூம் கட்டறாங்களாம். போட்டோவைக் காட்டினா. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க முடியல. பல்லு எல்லாம் வரிசையா இருக்கு. “அம்மா, அவங்க ரொம்ப நல்ல மாதிரி”ங்கறா என்கிட்டயே. அந்த ‘அம்மா’ இன்னும் எத்தனை நாளைக்குன்னு இருக்கு. அடுத்தவளை இவ அம்மான்னு கூப்பிடப் போறா, நான் பழைய மாமியாராம், அதுக்கு ஊர்ல ஒரு பேருகூடக் கிடையாது.

அன்னிக்கு நீ அவளைப் பார்த்துக் கத்தினப்போ, எனக்கு உன் மேல கோபம் வந்தது உண்மை. நீ போனப்புறம், நானும் உன்னை மாதிரித்தான்னு தோணுச்சு. அவளை யாருக்கும் விடக் கூடாதுன்னு நினைக்கறேன். வாயைத் திறந்து கத்தறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரத்தம் ஓரளவு ஏறிடுச்சு. நான் முடிவு பண்ணிட்டேன். அந்த சாதனத்தை வெச்சுப் பார்க்கப் போறேன். கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்து, உள்ளே கேமராவில பார்த்து, பூச்சுல கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்துட்டு, அதே கையோட வெச்சுடுவாங்க. அது கேட்கலன்னா அப்புறம் எடுக்கறதைப் பத்தி யோசிக்கலாம். உன் புத்தகம் என்ன சொல்லுதுன்னு எனக்கு எழுத வேண்டாம்.

ஏப்ரல் 24, வியாழன். காலையில சேர்ந்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். கூட ஒரே ஒருத்தர்தான் இருக்கலாம், உள்வார்டுக்கு ஒருத்தருக்குத்தான் அட்டை கொடுப்பாங்க. டீச்சர்தான் இருக்கறதா இருந்தது. ஆனா அந்த வாரம் அந்தப் பையன் வீட்டுல எல்லாரும் இவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சொந்தக்காரங்களைப் பார்க்க. தள்ளிப் போடறேன்னு சொன்னா. நான் வேண்டாம்னேன். என் பையன் வர்றான்னு சொல்லிட்டேன்.

பொய்தான். இன்னும் உன்னைக் கேட்கவே இல்ல. இப்பத்தான் கேக்கறேன்.

உன்னை ரெண்டாவதாத்தான் கேக்கறேன்னு உனக்குத் தெரியணும். மறைச்சுட்டு, முதல்லயே உன்னைத்தான் நினைச்சேன்னு எழுதலாம். நீ நம்பவும் செய்வே. எனக்கு இஷ்டமில்ல. ரெண்டாவது ஆளா வர்றதுக்கு உனக்கு முடியும்னா வா. முடியாதுன்னா எழுது, இங்க மாடி வீட்டுக்காரம்மாவைக் கேக்கறேன்.

இன்னொண்ணு. பரிசோதனை முடிவு வர பத்து நாள் ஆகும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுன்னு டாக்டர் சொல்றாங்க. பெரும்பாலும்னா என்னன்னு கேட்க எனக்கு நாக்கு எழல. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ல நிக்கும்போது, அந்த ஒரு வார்த்தை வருது. கெட்டதா இருந்துட்டா என்ன பண்றதுன்னு. டீச்சர்கிட்டகூட இதைச் சொல்லல. கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு, அவ தலையில ஏன் ஏத்தணும். உன்கிட்ட மட்டும் சொல்றேன்.

அம்மா


ஏப்ரல் 11, வெள்ளி

அம்மா,

வருகிறேன்.

இரண்டாவது ஆள் என்று எழுதியதைப் படித்துவிட்டு முதலில் முடியாது என்று ஒரு கடிதம் எழுதினேன். மாடி வீட்டுக்காரம்மாவையே கேட்டுக்கொள் என்று. நல்ல கடிதம், ஒவ்வொரு வரியும் குத்தும். அதை மடித்து உறையில்கூடப் போட்டுவிட்டேன். பிறகு ஒரு பம்பில் எண்ணெய் அழுத்தம் குறைந்து என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது, அந்தக் கடிதத்தை எழுதியவன் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மறைக்காமல் எழுதியிருந்தாய். நானும் மறைக்கவில்லை. ‘டீச்சர்கிட்டகூட இதைச் சொல்லல’ என்ற வரியைப் பல தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருந்தது. நீ பஸ்ஸில் நின்றுகொண்டு பயந்துகொண்டிருக்கிறாய், உன் பிள்ளைக்கு அதில் ஒரு ஜெயிப்பு. அவளுக்கு இல்லாதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று. உன் பயம்தான் எனக்குக் கிடைத்த பங்கு, அதை நான் பரிசுக் கோப்பை மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன்.

அதன் பிறகு எனக்கும் அந்த வார்த்தை வருகிறது. கேண்டீன் வரிசையில் நிற்கும்போது வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பெரும்பாலும் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். நீ கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

நீ எடுத்த முடிவு பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது. இருக்கட்டும்.

அவள் கல்யாணத்துக்கு என்னால் வாழ்த்து சொல்ல முடியாது. டயர் மாற்றுகிறவனைப் பற்றியும் நல்லதாக ஒன்றும் நினைக்க முடியவில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, அவன் மேல், அவள் மேல், பார்த்தே இராத அந்தத் தலைமையாசிரியை மேல்கூட. அது போகும் என்று நான் காத்திருந்தால் 24ஆம் தேதி தாண்டிவிடும். அதனால் அதையும் வைத்துக்கொண்டே செய்ய வேண்டியதைச் செய்கிறேன்:

1. 22ஆம் தேதியிலிருந்து மே 6 வரை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். குடும்ப வேலை என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு ரத்தப்போக்கு, ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

2. 23ஆம் தேதி காலை உன் வீட்டில் இருப்பேன். உறையில் எதையும் போட்டு வைக்கச் சொல்ல மாட்டேன்.

3. டாக்டர் பேசும்போது நீ கேட்கிற கேள்வி முடிந்த பிறகுதான் என் கேள்வி. என் கேள்வியும் உன்னைக் கேட்டுவிட்டுத்தான்.

4. முடிவு வருகிற அன்று தாளை முதலில் நீ படி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் முகத்தைப் பார்த்து ஊகிக்க மாட்டேன். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் நீ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

5. அதற்கெல்லாம் முன்னால், இன்று சாயங்காலம் அவளுக்குப் போன் போடுவேன். உனக்கு வலி வரும்போது எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், மயக்கம் தெளியும்போது உன்னிடம் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது, எல்லாம் கேட்பேன்.

6. அவள் என்னைத் திட்டினால், திட்டி முடிக்கும்வரை வைக்க மாட்டேன். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி கேட்பேன்.